மெட்டில்டாவும் பிரெண்டன் சங்கத்துக் காகிதங்களும்

தூத்துக்குடி பீச் ரோட்டுக்குப் பின்னால், ஐஸ் கம்பெனி இருக்கும் சந்தில், ஓடு வேய்ந்த நீளமான கட்டடம் ஒன்று சென்ற வருடம் வரை நின்றுகொண்டிருந்தது. வாசலில் 'புனித பிரெண்டன் சங்கம்' என்று பலகை. அந்தப் பக்கம் போகிறவர்கள் ஏதோ கோயில் சபை என்று நினைத்துக்கொண்டு தாண்டிப் போய்விடுவார்கள். உண்மையில் அது அயர்லாந்துக்காரர்கள் தொடங்கிய சங்கம். வெள்ளைக்காரன் காலத்தில் நூல் ஆலைக்கும் கப்பல் கம்பெனிகளுக்கும் வேலைக்கு வந்தவர்கள் அவர்கள். இங்கிலாந்துக்காரர்களின் கிளப்பில் தங்களுக்கு மரியாதை போதவில்லை என்று முறுக்கிக்கொண்டு வெளியே வந்து, கடலோடிகளுக்குப் பாதுகாவலரான தங்கள் ஊர்ப் புனிதரின் பெயரை வைத்துத் தனியாக ஒன்றை ஆரம்பித்தார்கள். கச்சேரிக்கு ஆள் பத்தவில்லை. மாதா கோயில் பேண்டு செட்டில் கிளாரினெட்டும் டிரம்பெட்டும் வாசித்துக்கொண்டிருந்த பரதவர் பிள்ளைகளைக் கூட்டி வந்து சேர்த்துக்கொண்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு அயர்லாந்துக்காரர்கள் ஒவ்வொருவராகக் கப்பலேறிவிட்டார்கள். சங்கம் மட்டும் இங்கேயே நின்றுவிட்டது.

பேண்டு வாசித்தவர்கள் அதை விட்டுவிடவில்லை. நாடகம் போட்டார்கள். கொழும்புக்குத் தோணியில் போய்த் திரும்பாதவர்களுக்குப் பூசை வைத்து, வீட்டுக்கு அரிசி மூட்டை இறக்கினார்கள். தனுஷ்கோடியைப் புயல் வாரிக்கொண்டு போன வருடம் துணிமணியும் அவலுமாகக் கிளம்பிப் போய்வந்தார்கள். அயர்லாந்துக்காரர்களின் திருநாள் என்று ஒவ்வொரு மார்ச் பதினேழாம் தேதியும் சட்டையில் பச்சை ரிப்பன் குத்திக்கொண்டு ஆட்டுக்கறியும் ரொட்டியும் தின்று, அயர்லாந்துப் பாட்டு ஒன்றைப் பாடுவார்கள். வாய்க்கு வாய் மாறி மாறி அதன் வார்த்தைகள் தேய்ந்து, அது எந்த மொழி என்றே சொல்ல முடியாமல் ஆகியிருந்தது. ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டுதான் பாடுவார்கள்.

இந்தச் சங்கத்தின் கடைசிச் செயலாளர் இஞ்ஞாசி. துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டியவர். அவருடைய மனைவிதான் மெட்டில்டா.

மெட்டில்டாவுக்குப் பிறந்த ஊர் புன்னக்காயல். அப்பா சங்கு குளிக்கப் போகிறவர். ஆறு பிள்ளைகளில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள் இவள் ஒருத்திதான். கல்யாணத்துக்குப் பிறகு ஒரு பள்ளிக்கூட நூலகத்தில் உதவியாளராக இருந்தாள். புத்தகத்துக்கு அட்டை போடுவது, எண் ஒட்டுவது, பூச்சி அரித்ததைப் பிரித்து வைப்பது எல்லாம் அங்கே கற்றுக்கொண்டதுதான். இஞ்ஞாசியின் கையெழுத்து கோழி கிண்டியது போல இருக்கும். அதனால் சங்கக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை அவர் சொல்லச் சொல்ல இவள் அடுக்களையில் உட்கார்ந்து எழுதுவாள். அவர் கையெழுத்து மட்டும் போடுவார். அப்படியே ஆண்டுகள் ஓடின. ஒரே மகள் அனிஷா படித்து, சென்னையில் வேலைக்குப் போனாள்.

பிறகு ஒரு நாள் குளியலறையில் இஞ்ஞாசி சரிந்து விழுந்தார். பக்கவாதம். இடது கையும் காலும் போயிற்று, பேச்சு குழறியது. மெட்டில்டா வேலையை விட்டுவிட்டாள். அவரைத் தூக்குவதும் துடைப்பதும் ஊட்டுவதுமாக நான்கு வருடம். வாரத்தில் ஒரு மத்தியானம் மட்டும் சங்கத்துக்குப் போய்வருவாள். அங்கே மூன்று அலமாரி நிறையப் பழைய பதிவேடுகள். அயர்லாந்துக்காரர்கள் இங்கிலீஷில் எழுதிய கூட்டக் குறிப்புகள், அயர்லாந்துச் சின்னமான யாழ்ப் படம் அச்சடித்த கச்சேரி நோட்டீசுகள், போட்டோக்கள், அதற்குப் பின்னால் நம் ஆட்கள் தமிழில் எழுதிய நோட்டுகள், நாடக விளம்பரங்கள், கடலில் போனவர்களுக்கான இரங்கல் தீர்மானங்கள். அவற்றைத் தூசி தட்டி, வருடவாரியாகப் பிரித்து, வெள்ளைத் துணியில் கட்டி வைப்பாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. போனால் திரும்ப மனசு வராது.

இஞ்ஞாசி ஒருமுறை தானாக எழுந்து தெருவுக்கு நடக்கப் பார்த்து, வாசலில் விழுந்து நெற்றி கிழிந்துவிட்டது. அன்றிலிருந்து வெளியே போகும்போதெல்லாம் கதவைப் பூட்டிவிட்டுப் போவது அவளுக்கு வழக்கமாயிற்று.

இரண்டாயிரத்து இருபத்து மூன்றாம் வருடம் டிசம்பரில் அந்த மழை வந்தது. விட்டு விட்டுப் பெய்கிற மழை இல்லை அது. ஊற்றுகிற மழை. மறுநாள் காலை தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். இஞ்ஞாசி கட்டிலில் சாய்ந்தபடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏளா, சங்கத்துல கீழ்த்தட்டுல என்ன இருக்கு?" என்று கேட்டார். அவருடைய குழறல் பேச்சு அவளுக்கு மட்டும்தான் தெளிவாகப் புரியும்.

"பழைய மினிட் நோட்டு பூரா கீழதான் இருக்கு."

"போயி மேல ஏத்திட்டு வா."

"ஒங்கள யாரு பாக்குறது?"

"நான் எங்கன ஓடப் போறேன்? இங்கனதான் கெடப்பேன். போயிட்டு வா."

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினாள். பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்த்து, "அருணாசலவடிவு, இவரை ஒரு எட்டு பாத்துக்கிடு, வந்துருதேன்" என்று சத்தம் போட்டாள். உள்ளிருந்து ஏதோ பதில் வந்தது போல இருந்தது. கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். கை தானாகவே செய்த வேலை.

சங்கத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் படியேறிவிட்டிருந்தது. கீழ்த்தட்டு ஏற்கெனவே நனைந்துவிட்டது. மூட்டை மூட்டையாகத் தூக்கி நாடக மேடையில் வைத்தாள். மேடைக்கும் தண்ணீர் வரும் போல இருந்தது. கேரம் விளையாடும் மேசைகளை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி, அதன்மேல் அடுக்கினாள். மூச்சு வாங்க நிமிர்ந்து வாசலைப் பார்த்தாள். சந்து ஆறாக ஓடிக்கொண்டிருந்தது. குளம் எங்கேயோ உடைந்துவிட்டதாம் என்று எதிர்மாடியிலிருந்து யாரோ கத்தினார்கள். இறங்கிப் பார்த்தாள். தண்ணீர் இடுப்புக்கு மேல் வந்து இழுத்தது. போனில் சிக்னல் இல்லை. திரும்பி வந்து மேடை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "யேசுவே, அவரு கட்டில்ல இருக்காரு, அவரு கட்டில்ல இருக்காரு" என்று வாய் சொல்லிக்கொண்டே இருந்தது.

மறுநாள் வள்ளம் கொண்டுவந்து ஆட்களை ஏற்றிய மீனவப் பையன்கள்தான் அவளைத் தெருவில் கொண்டுவந்து விட்டார்கள். வீட்டுக் கதவு பெயர்ந்து தொங்கியது. இஞ்ஞாசி அருணாசலவடிவின் மாடியில், அவளுடைய அண்ணன் வேட்டியைக் கட்டிக்கொண்டு, போர்த்திப் படுத்திருந்தார்.

அருணாசலவடிவு அழுதுவிட்டாள். "யக்கா, நீங்க சொன்னது சத்தியமா காதுல விழலக்கா. வீட்டுல ரெண்டு பேரும் இருக்கியன்னுல நெனச்சேன். சாயந்தரம் ஏதோ மொனங்குத சத்தம் கேட்டு அண்ணன் போயிப் பாத்தா, பூட்டு. கடப்பாரைய வச்சு நெம்பித்தான் தூக்கிட்டு வந்தோம். நெஞ்சு மட்டும் தண்ணிக்கா. கட்டில் கம்பிய ஒத்தக் கையால பிடிச்சிட்டு உக்காந்திருக்காரு."

மெட்டில்டா அவருடைய காலடியில் உட்கார்ந்தாள். அவர் கண்ணைத் திறந்து பார்த்து, "நோட்டு?" என்றார்.

"பாதி நனஞ்சிட்டு. பாதி இருக்கு."

அவர் தலையை அசைத்தார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை.

வாரம் திரும்புவதற்குள் காய்ச்சல். பிறகு சளி. பிறகு நிமோனியா என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வீட்டுக்கு வந்தார், மறுபடி சேர்த்தார்கள். பிப்ரவரியில், தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தின வாரம் இறந்துபோனார். தண்ணீரில் இருந்ததால்தானா என்று மெட்டில்டா டாக்டரிடம் கேட்கவில்லை. டாக்டரும் சொல்லவில்லை.

அனிஷா கேட்டாள். முப்பதாம் நாள் பூசை முடிந்து உறவுக்காரர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கேட்டாள்.

"பூட்டிட்டுப் போயிருக்க. எங்கப்பாவ உள்ள வச்சுப் பூட்டிட்டு, அந்தக் குப்பக் காயிதத்தத் தூக்கி வைக்கப் போயிருக்க. ஒனக்கு எப்பிடிம்மா மனசு வந்துச்சு?"

மெட்டில்டா கையிலிருந்த சோற்று வாளியைக் கீழே வைத்தாள். அவர்தான் போகச் சொன்னார் என்று சொல்லியிருக்கலாம். மண்ணுக்குள் போனவர் மேல் பழியைப் போட்டுவிட்டு எப்படிப் பிழைத்துக் கிடப்பது என்று தோன்றியது. அனிஷா அன்றே கிளம்பிப் போனாள். போன் வருவது குறைந்தது. பிறகு நின்றது.

நனைந்த மூட்டைகளை மெட்டில்டா ஆட்டோவில் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். இஞ்ஞாசியின் அறையில் குறுக்கும் நெடுக்குமாகக் கொடி கட்டி, தாள் தாளாகப் பிரித்துத் தொங்கவிட்டு, ஃபேனைப் போட்டாள். பூஞ்சணம் பிடித்த வாடை வீடு முழுக்க அடித்தது. போட்டோக்களைக் கட்டோடு மொட்டைமாடி வெயிலில் வைத்ததுதான் அவள் செய்த பெரிய தப்பு. காய்ந்தபோது ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பிரிக்கப் பார்த்ததில் முகங்கள் உரிந்து வந்தன. பத்துப் பதினைந்து போட்டோக்களுக்கு மேல் அப்படிப் போன பிறகுதான் நிறுத்தினாள். சில மாதங்களில் அவளுக்கு இருமல் வந்தது. பேசினால் நெஞ்சுக்குள் விசில் அடிப்பது போலச் சத்தம் கேட்கும். ஆனாலும் அந்த அறைக்குள் போவதை அவள் விடவில்லை.

சங்கத் தலைவர் கிளைட்டன், கப்பல் சரக்குகளுக்கு கிளியரிங் ஏஜென்ட். இஞ்ஞாசியைவிட வயதில் சிறியவர், அதனால் மெட்டில்டாவை அண்ணி முறை வைத்து 'மைனி' என்றுதான் கூப்பிடுவார். கட்டடம் இருந்த இடத்தின் சொந்தக்காரர் காலி பண்ணச் சொல்லி நெருக்கிக்கொண்டிருந்தார். உறுப்பினர்களும் விரல் விட்டு எண்ணும்படிதான் மிச்சம். அந்த நேரத்தில் அயர்லாந்திலிருந்து ஒரு மெயில் வந்தது. உலகத்தின் பல ஊர்களில் ஐரிஷ்காரர்கள் நடத்திய சங்கங்களின் பதிவேடுகளை ஒரு ஆவணக் காப்பகம் திரட்டுகிறதாம். பிரெண்டன் சங்கத்துப் பேர் எங்கேயோ கண்ணில் பட்டிருக்கிறது. கிளைட்டனுக்குத் தலையிலிருந்து பாரம் இறங்கின மாதிரி இருந்தது. உடனே வரச் சொல்லிவிட்டார்.

வந்த அம்மாவின் பெயர் எய்லீன். நாற்பது நாற்பத்தைந்து வயதிருக்கும். வெயிலில் முகம் சிவந்து போயிருந்தது. அவள் வந்த அன்றுதான் இஞ்ஞாசியின் வருஷப் பூசை. அதற்காக அனிஷாவும் வந்திருந்தாள். கிளைட்டனின் இங்கிலீஷ் கப்பல் சரக்குக்கு மட்டும் போதுமானது. ஆகையால், "ஏளா அனிஷா, நீ கொஞ்சம் எடுத்துச் சொல்லும்மா" என்று அவளைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். அனிஷாவுக்குப் பிடிக்கவில்லை. பெரியவர் சொல்லைத் தட்ட முடியாமல் உட்கார்ந்தாள்.

எய்லீன் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு இரண்டு நாள் இஞ்ஞாசியின் அறையில் கிடந்தாள். தாள்களை அவள் தூக்குகிற விதத்தைப் பார்த்து மெட்டில்டாவுக்குப் பிடித்துப்போயிற்று. ஒட்டிப்போன போட்டோக்களை மட்டும் எய்லீன் ஓரத்தில் நகத்தால் நெம்பிப் பார்த்துவிட்டு அப்படியே வைத்தாள்.

"நான்தான் கெடுத்துட்டேன்னு சொல்லு" என்றாள் மெட்டில்டா. அனிஷா சொன்னாள். எய்லீன் மெட்டில்டாவின் கையைத் தொட்டு ஏதோ சொன்னாள்.

"தண்ணில போன போட்டோவக் குளுந்த தண்ணிலயே போட்டுத்தான் பிரிக்கணுமாம். தெரியாதவங்க யாரும் செய்யுறதுதானாம். வருத்தப்படாதீங்கன்னு சொல்லுதாங்க."

மூன்றாம் நாள் எல்லோரும் உட்கார்ந்தார்கள். எய்லீன் நேர்மையாகவே பேசினாள். தொடக்கத்திலிருந்து ஐம்பத்தொன்றில் கடைசி ஐரிஷ் உறுப்பினர் போகிற வரை உள்ளதை எடுத்துக்கொள்கிறோம். அதற்குப் பிற்பட்டது எங்கள் சேகரிப்பின் வரம்புக்குள் வராது. இப்படிப் பிரிப்பது எனக்குமே சரியாகப் படவில்லை, ஆனால் தீர்மானிக்கிற இடத்தில் நான் இல்லை. அனிஷா வரிக்கு வரி தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள்.

மெட்டில்டா எழுந்து போய் ஒரு தடி நோட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். முன்பாதி இங்கிலீஷிலும் பின்பாதி தமிழிலும் எழுதப்பட்ட கூட்டக் குறிப்பு. ஒரே தையல்.

"இத எங்கன வெட்டப் போறீங்கன்னு கேளு."

அந்த நோட்டை முழுசாகவே எடுத்துக்கொள்வோம் என்றாள் எய்லீன்.

"அப்ப இதுக்கு அடுத்த நோட்டு?"

"மைனி, நீங்க ஒண்ணு" என்றார் கிளைட்டன். "அடுத்த நோட்டெல்லாம் யாருக்கு வேணும்? நம்ம ஆளுக போட்ட நாடகமும் கருமாதிக் கணக்கும். கட்டடத்த இடிக்கப் போறான். அவங்க கேக்குதத கொடுத்துட்டு, மிச்சத்தப் பேசாம எரிச்சிருவோம். ஒங்க நெஞ்சு வேற இந்த இழுப்பு இழுக்கு."

"எரிக்கவா?" மெட்டில்டா நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "எரிக்கதுக்கா தம்பி நான் அன்னைக்குத் தூக்கி வச்சேன்? ஒங்க அண்ணன் நெஞ்சு மட்டும் தண்ணில உக்காந்திருந்தாரே, எரிக்கதுக்கா? போயி ஏத்திட்டு வான்னு சொன்னது அவருதான். நானா கேட்டேன்? அவருதான் என்னப் போகச் சொன்னாரு."

என்ன சொல்கிறார்கள் என்று கேட்பது போல எய்லீன் அனிஷாவைப் பார்த்தாள். அனிஷா அதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை. எழுந்து அடுக்களைக்குப் போனாள். மெட்டில்டா பின்னாலேயே போனாள்.

"ஒரு வருசமா இத ஏன் சொல்லல?"

"செத்தவரு மேல எப்பிடிச் சொல்ல?"

"அப்பாவுக்கு ஒரு பக்கமே வெளங்காது. அவரு போன்னு சொன்னா நீ போயிருவியா? எந்திரிக்க முடியாத மனுசன் சொன்னாருன்னு பூட்டிட்டுப் போயிருவியா?"

மெட்டில்டா அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டாள். இருமல் வந்து அடங்கியது. இனிமேல் எதை ஒளித்தும் பிரயோசனம் இல்லை என்று தோன்றியது.

"அவரு சொல்லாட்டாலும் போயிருப்பேன்" என்றாள். "காலைலயே அந்த நெனப்புதான் எனக்கு. அவரா கேட்டது எனக்கு வசதியாப் போச்சு. நாலு வருசம், அனிஷா. பீ மூத்திரம் அள்ளுனேன், மூஞ்சி சுளிக்கல. ஆனா வாரத்துல அந்த ஒரு மத்தியானம் இல்லன்னா நான் எப்பமோ கிறுக்காயிருப்பேன். அங்கன போனா என்ன யாரும் கூப்பிட மாட்டாங்க. நான் பாட்டுக்குப் படிச்சிட்டு இருப்பேன். அது தண்ணில போகுதுன்னதும் எனக்கு வேற ஒண்ணும் தோணல. பூட்டுனது கூட ஞாபகம் இல்ல. தண்ணி நடுவுல நிக்கும்போது இடுப்புல சாவி குத்துச்சு. அப்பதான் தெரிஞ்சுது."

அனிஷா அழுதாள். அம்மாவைக் கட்டிக்கொள்ளவில்லை. தண்ணீர்க் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவிக்கொண்டு, "அந்தம்மா காத்துட்டு இருக்கு, வா" என்று மட்டும் சொல்லிவிட்டு முன்னால் போனாள். போய் உட்கார்ந்து, "பிந்தின நோட்டெல்லாம் இந்த ஊர்லயே இருக்குன்னு உங்க விவரப் பட்டியல்ல எழுதுவீங்களான்னு எங்கம்மா கேக்காங்க" என்று இங்கிலீஷில் கேட்டாள். மெட்டில்டா அப்படி ஒன்றும் கேட்டிருக்கவில்லை. எழுதுகிறேன் என்றாள் எய்லீன்.

அயர்லாந்துக்காரர்களின் காகிதங்களை மெட்டில்டாவே பெட்டியில் கட்டினாள். கட்டி முடிக்கும் வரை யாரையும் தொடவிடவில்லை. அவை கப்பலில் போயின. வைகாசி முடிவதற்குள் கட்டடத்தை இடித்துவிட்டார்கள்.

மிச்சத்துக்கு இடம் தேடி அவள் அலைந்த அலைச்சல் கொஞ்சம் இல்லை. ஒரு கல்லூரியில் பார்த்துவிட்டு, பூஞ்சணம் மற்றப் புத்தகங்களுக்கும் தொற்றிவிடும் என்றார்கள். பங்குக் கோயிலில் இடம் இல்லை. இதற்குள் இழுப்பு முற்றிவிட்டது. அனிஷா சென்னைக்கு அழைத்துப் போய்க் காட்டினாள். அந்த வீட்டில் அந்தக் காகிதங்கள் இருக்கிற வரை மருந்து கேட்காது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கடைசியில் கிளைட்டன்தான் வாயில் ஏதோ முனகிக்கொண்டே தம் குடோனில் ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுத்தார். எரிப்போம் என்று அவர் அதற்குப் பிறகு சொல்லவில்லை. தகரப் பெட்டிகளில் போட்டு, செங்கல் மேல் பலகை வைத்து, அதன்மேல் ஏற்றியிருக்கிறார்கள். அங்கே உப்புக் காற்று. எத்தனை வருடம் தாங்கும் என்று யாருக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் யாரையாவது அனுப்பி ஸ்கேன் எடுக்க முடியுமா என்று கேட்டு எய்லீனுக்கு மெட்டில்டா எழுதியிருக்கிறாள். கேட்டுப் பார்க்கிறேன் என்று பதில் வந்தது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

அனிஷா இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் போன் பண்ணுகிறாள். மாத்திரை போட்டியா, இருமல் எப்படி இருக்கிறது என்று கேட்பாள். அப்பாவைப் பற்றிப் பேச மாட்டாள். காகிதத்தைப் பற்றியும் பேச மாட்டாள். மெட்டில்டாவும் அவளாகக் கேட்டால்தான் பேசுவது என்று இருக்கிறாள்.

இந்த வருடம் ஈஸ்டர் பாஸ்குக்கு அனிஷா ஊருக்கு வந்தாள். மறுநாள் சாயந்தரம் கடைக்குப் போய்விட்டு வரும் வழியில், "குடோன்ல பெட்டியக் கொஞ்சம் பாத்துட்டு வந்துருதேன்" என்றாள் மெட்டில்டா. அனிஷா வேண்டாம் என்று சொல்லவில்லை, கூடவும் வரவில்லை. கேட்டுக்கு வெளியே, லாரி நிற்கும் இடத்தில் நின்றுகொண்டாள். மெட்டில்டா முகத்தில் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு உள்ளே போய், பெட்டிகளைத் திறந்து, கரையான் ஏறியிருக்கிறதா என்று பார்த்து, மேல் தாள்களைப் புரட்டி வைத்தாள். ஒரு பெட்டியின் அடியில் ஈரம் கோத்திருந்தது. அதை மட்டும் இழுத்துப் பலகையின் அந்த ஓரத்துக்கு நகர்த்தினாள். வெளியே வரும்போது மூச்சு இளைத்தது.

அனிஷா பையிலிருந்து தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகித் திறந்து கொடுத்தாள்.

"நனஞ்சிருக்கா?" என்று கேட்டாள்.

"ஒரு பெட்டி" என்றாள் மெட்டில்டா.

அனிஷா குடோன் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு கையைக் காட்டி ஒரு ஆட்டோவை நிறுத்தினாள்.